மூன்று டாக்டர்களும் ஒரு மஞ்சள் சீட்டும்

1

போன வாரம் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில், இனிப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். சோதனை இயந்திரத்தருகே இருந்த காவலர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"டப்பே மே கியா ஹை அங்கிள்? மிட்டாயா?"

"மிட்டாய் நை."

"ஹமாரேகு நை தேதே கியா?" என்று சிரித்தார். எங்களுக்கெல்லாம் தரமாட்டீர்களா என்று அர்த்தம்.

"நக்கோ பேட்டா," என்றேன். வேண்டாம் மகனே. ஐதராபாத்துக்கு வந்து இந்த மாதத்தோடு நாற்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் மனதாரச் சொன்ன நக்கோ அது ஒன்றுதான். ஏனென்றால் பெட்டிக்குள் இருந்தது என் புரோஸ்டேட்.

முழுதாக இல்லை, பயப்படாதீர்கள். ஊசி போட்டு எடுத்த துணுக்குகள். மெழுகுக் கட்டிக்குள் கொஞ்சம், கண்ணாடித் தகடுகளில் கொஞ்சம். ஒரு லேபில் கொடுத்த விடை பிடிக்காவிட்டால், அந்தத் துணுக்குகளை நாமே வாங்கி, நாமே சுமந்து, அடுத்த லேபுக்குக் கொண்டுபோகலாம். எனக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

ஊரில் இருப்பவர்கள் கடிதம் எழுதச் சொல்லும்போதெல்லாம் இந்த ஊர் பிரியாணியைப் பற்றி எழுதியிருக்கிறேன், போக்குவரத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். நாற்பதாம் வருடத்துக்கு இதை எழுதுகிறேன். ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு சுரப்பி உண்டு. அதற்குத் தமிழில் நல்லதொரு பெயர் இருக்கிறதாம். அறுபத்தைந்து வருடமாக நானும் அதுவும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டதே இல்லை. அவ்வளவு நல்ல உறவாக இருந்தோம்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் குஷாய்குடா பக்கத்துப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். பெயர் சாமுவேல். கம்பெனியில் நாலு சாமுவேல்கள் இருந்ததால் எனக்கு 'ரிஜெக்ட் சாமுவேல்' என்று பெயர். ஈயம் வைத்து ஒட்டிய சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் வேலை. ஒட்டு பளபளவென்று இருந்தால் பாஸ். மங்கலாக இருந்தால் ரிஜெக்ட். நான் நிறையப் பேரை அழவைத்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போர்டில் சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆள் பார்ப்பார். ஆனால் முதல் ஆள் என்ன சொன்னார் என்று அவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் கண் அதையே தேடும். இருவரும் வேறுபட்டால் மூன்றாவது ஆள். அவரும் கையை விரித்தால் போர்டின் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டி, மூலையிலிருக்கும் அலமாரியில் வைத்துவிடுவோம். 'ஹோல்டு' என்று அதற்குப் பெயர். நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. அந்த அலமாரியைக் கடந்து போகும்போது அதன் முன் நின்று, "என்ன பிள்ளைகளா, சௌக்கியமா?" என்று கேட்பது என் வாடிக்கை. எல்லோரும் சிரிப்பார்கள்.

குடும்பத்தில் நாங்கள் மூன்று பேர். மனைவி தங்கம், திருநெல்வேலித் தமிழை நாற்பது வருடமாக ஊறுகாய் போலக் கெடாமல் வைத்திருப்பவள். மகள் ஷீபா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இப்போது கல்யாணமாகி கச்சிபௌலி பக்கம் ஐ.டி. வேலை. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். ஆனால் பதில் இந்தியில் வரும், அல்லது ஆங்கிலத்தில் வரும், கோபம் வந்தால் தெலுங்கில் வரும். தமிழில் மட்டும் வராது. சின்ன வயதில் மிட்டாய் காட்டிப் பார்த்தேன், அடித்துப் பார்த்தேன். மிட்டாயைத் தின்றாள், அடியை வாங்கினாள், "பஸ் டாடி," போதும் என்றாள். ஒரே ஒரு முழுத் தமிழ் வாக்கியம் அவள் வாயிலிருந்து கேட்டுவிட்டால் போதும் என்பது என் வாழ்க்கையின் சின்ன ஆசைகளில் ஒன்று.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால், பாத்ரூமுக்கும் எனக்கும் நெருக்கம் அதிகமானது. சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே மூன்று தடவை எழுந்து போனேன். பாஸ்டர் தன் பிரசங்கத்தைக் குறித்த விமர்சனம் என்று நினைத்துக்கொண்டார். தங்கம் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

தள்ளுவதற்கு முன்னால் கம்பெனி டிஸ்பென்ஸரியில் சிபாரிசுச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே கவுண்டரில் இருந்த பெண், வரிசையில் நின்ற என் பழைய சகாக்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஏம் ப்ராப்ளம் அங்கிள்? பாத்ரூம் ப்ராப்ளமா?" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "ரிஜெக்ட் சாமுவேலுக்கே லீக்கேஜா!" என்றது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

முதல் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்காரர். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தார்கள். நாலுக்குள் இருந்தால் நல்லதாம். எனக்கு ஏழு சொச்சம். பள்ளிக்கூடத்தில் நான் எடுக்காத மார்க்கெல்லாம் இப்போது வருகிறது. பிறகு கையுறை மாட்டி விரலால் பரிசோதித்தார். விவரம் வேண்டாம். "லெஃப்ட் சைடு ஹார்டுகா உந்தி," என்றார். இடப்பக்கம் கெட்டியாக இருக்கிறதாம். அடுத்த வாரமே ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். அதுவரைக்கும் பாத்ரூம் நடையைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊசி எந்த வழியாகப் போகும் என்று விசாரித்தேன். விசாரித்த பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் பக்தியோடு சாப்பிட்டேன். நடை உண்மையிலேயே குறைந்தது. பிரசங்கம் முழுவதையும் கேட்கும் தண்டனை திரும்பக் கிடைத்தது.

தங்கம் விடவில்லை. சரி, வேறொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று மல்காஜ்கிரியில் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். கிளம்பும்போது வாசலில் சண்டை.

"ஏங்க, அந்த ஃபைல எடுத்துக்கிடுங்க."

"எடுக்கப்படாது. ரெண்டாவது ஆளுக்கு மொத ஆளு சொன்னது தெரியக்கூடாது."

"டாக்டரு என்ன ஒங்க கம்பெனி ஆளா? ஒளிச்சு வச்சா வியாதி போயிருமா?"

"இத்தன வருசமா இதுதான் ரூலு தங்கம்."

"ஒங்க ரூலத் தூக்கி..." என்று ஆரம்பித்தவள், சர்ச் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் என்பதால் மிச்சத்தைச் சொல்லவில்லை. கோபத்தில் என்னோடு வரவுமில்லை.

மல்காஜ்கிரி டாக்டர் நல்ல கலகலப்பான மனிதர். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் முதல் டாக்டரின் தீர்ப்பு வெளியே வந்துவிடுமே. புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மூன்றரை. இவரும் விரலால் பார்த்தார். "மக்கன் ஜைசா ஹை அங்கிள்!" என்றார். வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம். "கைக்கு டென்ஷன் லேரே? வயசு ஆகயா, பஸ்." எதற்கு டென்ஷன், வயசாகிவிட்டது, அவ்வளவுதானாம்.

கம்பெனியில் நாங்கள் அளக்கும் கருவிகளை வருடா வருடம் சரிபார்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டாக்டர்களின் விரல்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே இடத்தை ஒருவர் கெட்டி என்கிறார், ஒருவர் வெண்ணெய் என்கிறார். நான் வெண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கே தங்கத்துக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். அந்த ஞாயிறு சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். கடவுளும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

4

ஒரு வருடம் கழித்து, ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவ முகாமில் ஐந்து என்று வந்தது. மூன்றரை ஐந்தானது அவ்வளவு பெரிய விஷயமா என்று நான் நினைத்தேன். முகாமில் இருந்தவர்கள் செகந்திராபாதில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். பெண் டாக்டர் என்றதும் எனக்கு வந்த கூச்சத்தைப் பார்த்து, "அவுக ஒங்களுக்கு முன்னால எத்தனயோ பேரப் பாத்திருப்பாவ, நீங்க என்ன அதிசயமா?" என்றாள் தங்கம்.

மூன்றாவது விரல், "ஏதோ ஒரு சின்னக் கட்டி போல, உறுதியாகச் சொல்ல முடியாது," என்றது. பிறகு டாக்டரம்மா கேட்டார்: "ஏம் டேப்லெட்ஸ் வாடுதுன்னாரு அங்கிள்?"

என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டது என்னை. பதில் சொன்னது தங்கத்தின் கைப்பை. ஜிப்பைத் திறந்து, அந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "எப்படிலிருந்து?" என்று பாதித் தமிழில் கேட்டார், எப்போதிலிருந்து என்று. எங்களுக்காக எங்கேயோ கற்றிருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக என்றேன்.

"அங்கிள், ஈ டேப்லெட் வேஸுகுண்டே ஆ நம்பர் சகம் அயிபோதுந்தி," என்றார் மெதுவாக. அந்த மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. எண் பாதியாகிவிடும். வியாதி பாதியாகாது, எண் மட்டும். அதனால் வருகிற எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டுமாம். நான் பிரியாணி வாங்கிய மூன்றரை உண்மையில் ஏழு. இப்போதைய ஐந்து, பத்து.

"ஆ டாக்டர்கி செப்பலேதா?"

"லேதம்மா."

"எந்துகு?"

ஏன் சொல்லவில்லை. நாற்பது வருடத் தெலுங்கை வைத்துக்கொண்டு கம்பெனி ரூலை விளக்கினேன். இரண்டாவது ஆள், முதல் ஆள், பூதக்கண்ணாடி, எல்லாவற்றையும். வழக்கமாக இந்தக் கதைக்குச் சிரிப்பு வரும். டாக்டரம்மா சிரிக்கவில்லை. போர்டு யாரிடமும் பொய் சொல்வதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இன்ஸ்பெக்டராகவும் இருந்து, போர்டாகவும் இருந்து, மாத்திரையையும் ஒளித்திருக்கிறேன்.

"உங்க அப்பாவுக்கு இருந்ததா?" என்று அடுத்த கேள்வி. இந்தப் புற்று முற்றினால் இடுப்பெலும்புக்குப் போகுமாம். எனக்குத் தெரியவில்லை. ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரே மிஷன் ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். அவர் சொன்னதுதான் வியாதி. அப்பா மூத்திரம் போகச் சிரமப்பட்டபோது, "ஒண்ணுமில்ல, வயசு," என்று சொல்லி அனுப்பினார். அப்பா விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வரும் வழியில் எனக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சில வருடத்தில் இடுப்பு வலி என்று படுத்தார்.

வெளியே வந்து ஊருக்கு அண்ணனிடம் போன் போட்டேன்.

"அண்ணே, அப்பா எதுல செத்தாவ?"

"எல, இப்ப எதுக்குல அது?"

"டாக்டரு கேக்காவ."

"வயசாயிட்டு, செத்தாவ. இதுல என்னத்தல கேக்க?"

"இடுப்பு வலின்னாவல்லா? எலும்புல ஏதும்னு சொன்னாவளா?"

"கடேசில கட்டில்ல திரும்பிப் படுக்க முடியல அவுகளால. நானும் மாமாவும்தான் பெரட்டிப் போடுவோம். நீ அப்ப ஐதராபாத்துல இருந்தே," என்றான். பிறகு, "ஒனக்கு என்னல?" என்றான்.

"சும்மாண்ணே. ஒரு ஃபாரம் நிரப்பணும்," என்றேன்.

5

இதற்கு மேல் நான் நல்ல பிள்ளை. சொன்னதையெல்லாம் செய்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு நிபுணர் படத்தைப் பார்த்து 'அரைச் சந்தேகம்' என்றார். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த இன்னொரு நிபுணர் அதே படத்தைப் பார்த்து 'முக்கால் சந்தேகம்' என்றார். ஊசியும் போட்டார்கள். இரண்டு வருடமாக எதற்குப் பயந்தேனோ அது அவ்வளவு மோசமில்லை. வீணாகப் பயந்திருக்கிறேன். அது ஒன்றுதான் இதில் எனக்குக் கிடைத்த ஆறுதல், அதுவும் எரிச்சலான ஆறுதல்.

துணுக்குகளில் ஒன்றே ஒன்றில் ஏதோ இருந்தது. முதல் லேப் சொன்னது: புற்றுதான், ஆனால் சாதுவான ரகம். மார்க் ஆறு. இந்தப் பரீட்சையில் புற்று என்று சொன்னாலே ஆறில்தான் ஆரம்பிப்பார்களாம். இரண்டாவது லேப் அதே கண்ணாடித் தகட்டைப் பார்த்து ஏழு என்றது. ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு மார்க்தானே என்று நினைப்பீர்கள். ஆறென்றால் வெட்ட வேண்டாம், அவ்வப்போது ரத்தம் பார்த்துக் கண்காணித்தால் போதும் என்கிறார் டாக்டரம்மா. ஏழென்றால் யோசிக்க வேண்டும் என்கிறார் அவரே. பெரிய ஆஸ்பத்திரிக்காரர் ஆறோ ஏழோ, எடுத்துவிடுவோம் என்கிறார். மல்காஜ்கிரிக்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கலகலப்பெல்லாம் போய், "பெஹ்லே போல்னா தா நா அங்கிள்," என்று மட்டும் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.

எடுத்துவிட்டால், பிறகு மூத்திரம் சொல்பேச்சுக் கேட்காமல் போகலாம். டயப்பர் கட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்கலாம். எடுக்காமல் விட்டு, அது ஏழாகவே இருந்து, ஏழு எட்டாகிவிட்டால்? எனக்கு அப்பாவின் கட்டில் நினைவுக்கு வரும். என்னைப் பிரட்டிப் போட அண்ணனும் மாமாவும் இங்கே இல்லை. தங்கத்துக்கு முழங்கால் வலி. ஷீபாவுக்கு கச்சிபௌலியிலிருந்து குஷாய்குடா வர, போக்குவரத்தில் ஒரு பிறவி ஆகும்.

"யார் சொல்றது சரிம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இரண்டும் சரியா இருக்கலாம் அங்கிள். ரொம்பச் சின்னதா இருக்கும்போது இப்படித்தான். நல்ல நிபுணர்களே வேறுபடுவாங்க," என்று தெலுங்கில் சொன்னார். நேர்மையான பதில். பொய்யாவது சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். அவர் அடுத்த நோயாளிக்கு மணியடித்தார்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜெபிப்பதற்கு முன்னால் குறிப்பு கேட்டார்.

"பிரதர், எதுக்காகக் குறிப்பா ஜெபிக்கணும்?"

"எந்த டாக்டர் சொன்னதுக்குன்னு கேக்கீங்களா பாஸ்டர்? ஆறுன்னா ஆறாவே இருக்கணும்னு ஜெபிக்கலாம். ஏழுன்னா ஆறாகணும்னு ஜெபிக்கலாம்."

"ஆண்டவருக்குத் தெரியும் பிரதர்."

"அவருக்குத் தெரியும் பாஸ்டர். அவரு ரிப்போர்ட் எழுதித் தர மாட்டேங்காரே."

தங்கம் என் முழங்காலில் கிள்ளினாள். பாஸ்டர் பொதுவாக ஜெபித்துவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார். அன்று சாயந்தரம் தங்கம் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கிட்டே போய் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். "எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கிட்டே இருந்தா நான் யாருகிட்டங்க அழ?" என்றாள்.

6

ஆகவே மூன்றாவது ஆள். அதற்காகத்தான் அந்த அட்டைப்பெட்டி, அந்த மெட்ரோ. இம்முறை எதையும் ஒளிக்கவில்லை. லேபின் கவுண்டரில் முதல் ரிப்போர்ட், இரண்டாவது ரிப்போர்ட், ஸ்கேன், மாத்திரை அட்டை, அப்பாவின் இடுப்பு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். கவுண்டரில் இருந்தவர், "இவ்வளவு வேண்டாம் சார், பேரும் வயசும் போதும்," என்றார்.

நேற்று விடை வந்தது. டாக்டரம்மா போனில் நிதானமாக விளக்கினார். மூன்றாவது லேப் அந்தத் துணுக்கை இன்னும் மெல்லியதாகச் சீவிப் பார்த்திருக்கிறது. சீவச் சீவ, சந்தேகமான இடமே தீர்ந்துபோய்விட்டது. மிச்சமிருப்பதை வைத்துப் புற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. சில மாதம் பொறுத்து மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சாது என்றார், ஒருவர் சாதுவல்ல என்றார், ஒருவர் அது வந்ததா என்றே தெரியவில்லை என்கிறார்.

"அதுவரைக்கும்?" என்றேன்.

"வெயிட் பண்ணலாம் அங்கிள்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மூலையிலிருந்த அந்த அலமாரி நினைவுக்கு வந்தது. மஞ்சள் சீட்டுக் கட்டிய போர்டுகளில் சிலவற்றை மூன்று வருடம், நாலு வருடம் அப்படியே பார்த்திருக்கிறேன். ஒருவரும் முடிவெடுக்க மாட்டார்கள். தூசி மட்டும் தவறாமல் வந்து உட்காரும். ஒரு நாள் அலமாரி காலியாக இருக்கும். எங்கே போயின என்று நான் கேட்டதே இல்லை. சௌக்கியமா என்று மட்டும்தான் கேட்டேன்.

மத்தியானம் ஷீபா கூப்பிட்டாள். ஆபீசிலிருந்து, ஏதோ படிக்கட்டில் நின்று பேசுகிறாள் போல, குரல் எதிரொலித்தது.

"ரிப்போர்ட் ஆயா கியா டாடி?"

"வந்துட்டும்மா."

"தோ? கேன்சர் ஹை யா நஹி?"

இருக்கிறதா, இல்லையா. எளிய கேள்வி. வேலையில் இருந்த வருடமெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன்.

"ஹவ்," என்றேன்.

ஹவ் என்றால் ஆமாம். இருக்கா இல்லையா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வது எங்கள் வீட்டில் பழைய விளையாட்டு. சின்ன வயதில் இதற்கு அவள் தலையணையை எடுத்து என்மேல் எறிவாள். இப்போது எறியவில்லை. அந்தப் பக்கம் யாரோ படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அடுத்த ஜோக் வரவில்லை. எவ்வளவோ தேடினேன், வரவில்லை.

"அப்பா," என்றாள். டாடி இல்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாக, இருட்டில் படி தேடுகிறவளைப் போல, "எனக்கு ரொம்ப பயமா இருக்குப்பா," என்றாள்.

முழு வாக்கியம். ஒரு பிழை இல்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, நான் காத்திருந்தது அத்தனை வருடம். வந்ததுதான் வந்தது, வேறு ஏதாவது வாக்கியமாக வந்திருக்கக் கூடாதா?